பாலத்துக்கு அந்தப் பக்கம் அப்பா: வாசகர் கேள்விகள்

மலேசியாவின் ஜொகூரில் வீடு, பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் வேலை என்று குடும்பம் நடத்தும் வாசகர்களிடமிருந்து, இரு நாட்டு எல்லை மூடிக்கிடந்த கொரோனா பெருந்தொற்றுக் காலத்தைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தருகிறோம். எல்லை திறந்து ஆண்டுகள் ஆகிவிட்டன, இப்போது எதற்கு என்று சிலர் கேட்கலாம். அந்தக் காலத்தில் பிறந்த பிள்ளைகளின் குடியுரிமைக் கோப்புகளும் தள்ளிப்போட்ட திருமணப் பதிவுகளும் இன்னும் பல வீடுகளில் முடியாமல்தான் இருக்கின்றன. எழுதியவர்களின் பெயர்களை நீக்கிவிட்டோம்.

எல்லை எப்போது மூடியது, எப்போது திறந்தது? மகள் கல்லூரிக் கட்டுரைக்காகக் கேட்கிறாள். வீட்டில் ஆளுக்கொரு தேதி சொல்கிறோம்.
*வாசகி, கூலாய்*

ஆளுக்கொரு தேதி சொல்வதில் ஆச்சரியம் இல்லை. மூடியது ஒரே நாளில்; திறந்தது துண்டு துண்டாக.

அப்போதைய மலேசியப் பிரதமர் முகைதின் யாசின் 2020 மார்ச் 16 இரவு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தார். மார்ச் 18 முதல் நடப்புக்கு வந்தது. மலேசியர் வெளிநாடு போகத் தடை என்பதால், விடியற்காலையில் பாலத்தைக் கடந்து இரவில் வீடு திரும்பியவர்களுக்கு முடிவெடுக்க 17ஆம் தேதி ஒரு நாள்தான் இருந்தது. ஆணை முதலில் மார்ச் 31 வரை என்றுதான் சொல்லப்பட்டது. அதனால் பலர் இரண்டு வாரத்துக்கான துணியோடு போனார்கள். சிங்கப்பூர் மனிதவள அமைச்சும் அந்தக் கணக்கில்தான் உதவி தந்தது: பாதிக்கப்பட்ட ஊழியர் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 50 சிங்கப்பூர் வெள்ளி, 14 இரவுகளுக்கு, முதலாளியிடம். தங்க இடமில்லாத சிலருக்கு ஜூரோங் ஈஸ்ட் விளையாட்டு அரங்கில் தற்காலிகமாகப் படுக்க இடம் தரப்பட்டது. ஆணை நீண்டுகொண்டே போனது. ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சிங்கப்பூரிலும் சர்க்கிட் பிரேக்கர் என்ற முடக்கம்.

முதல் திறப்பு 2020 ஆகஸ்ட் 17. அன்று இரண்டு ஏற்பாடுகள் தொடங்கின. ஒன்று, அலுவல் பயணிகளுக்கான பசுமைப் பாதை. இது குடும்பங்களுக்கு உதவாதது. இன்னொன்று, பிசிஏ என்று எல்லாரும் சொன்ன காலமுறைப் பயண ஏற்பாடு. வேலை அனுமதி உள்ளவர் குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்து வேலை செய்த பிறகு விடுப்பில் வீட்டுக்கு வரலாம். திரும்பிப் போனால் மறுபடி மூன்று மாதம். தொடக்கத்தில் சிங்கப்பூருக்குத் திரும்பியவர் 7 நாள் இல்லத்தனிமையில் இருந்து பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். விதி பின்னர் பலமுறை மாறியதால், இரண்டு பேருக்கு இரண்டு அனுபவம் இருக்கும். உங்கள் மகள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: வேலைக்குப் போனவர் வீட்டுக்கு வரலாம் என்றார்களே தவிர, வீட்டில் இருப்பவர் அவரைப் பார்க்கப் போக வழி இல்லை. உறவைக் காரணமாகச் சொல்லித் தரைவழியே கடக்க ஓர் ஏற்பாடு 2021 மே 17இல்தான் வந்தது. அதுவும் மரணம், உயிருக்கு ஆபத்தான நோய் இரண்டுக்கு மட்டும்.

2021 நவம்பர் 29இல் தடுப்பூசி போட்டவர்களுக்கான பயணப் பாதை, விடிஎல், ஆகாயத்திலும் தரையிலும் திறந்தது. தரைவழியில் குறித்த பேருந்துகள் மட்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு நாளைக்கு 1,440 பேர். பெருந்தொற்றுக்கு முன் அந்த எல்லையைத் தினமும் கடந்த மலேசியர் மட்டும் ஏறக்குறைய மூன்று லட்சம் என்று சொல்லப்பட்டதை நினைத்துப் பார்த்தால், டிக்கெட் ஏன் நிமிடங்களில் தீர்ந்தது என்று புரியும். ஒமிக்ரான் வந்ததும் 2021 டிசம்பர் 23 முதல் 2022 ஜனவரி 20 வரை புதிய டிக்கெட் விற்பனை நின்றது. முழுத் தடுப்பூசி போட்டவர்கள் பரிசோதனை இல்லாமல், சொந்த வண்டியிலும் கடக்கலாம் என்று ஆனது 2022 ஏப்ரல் 1. கட்டுரைக்கு ஒரே தேதி வேண்டுமென்றால் அதை எழுதச் சொல்லுங்கள்.

கணவர் சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் இருக்கிறார். 2020இல் பல மாதம் அங்கேயே மாட்டிக்கொண்டார். இன்னொரு முறை இப்படி வந்தால் நாங்களும் அங்கே போய்விடலாம் என்கிறார். முடியுமா?
*வாசகி, பாசிர் கூடாங்*

ஒர்க் பெர்மிட்டில் முடியாது. மனைவி, பிள்ளைகளை அழைத்துக்கொள்ளும் டிபெண்டன்ட் பாஸ் அந்த வகைக்கு இல்லை. அதற்கு மேல்நிலை வேலை அனுமதிகளான எஸ் பாஸ் அல்லது எம்ப்ளாய்மெண்ட் பாஸ் இருந்து, நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளிக்குக் குறையாமல் இருந்தால்தான் சட்டப்படி மணந்த துணைக்கும் 21 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகளுக்கும் விண்ணப்பிக்கலாம். பலர் இடறுவது "நிலையான" என்ற இடத்தில். ஓவர்டைம், போனஸ் எல்லாம் சேர்த்து 6,000 வந்தால் அது கணக்கில் வராது. அடிப்படைச் சம்பளமும் மாதாமாதம் மாறாத படிகளும் மட்டும்தான். பெற்றோரையும் அழைத்துக்கொள்ள அந்தத் தொகை 12,000 வெள்ளி. விண்ணப்பிக்க வேண்டியது நிறுவனம், ஊழியர் அல்ல. ஆகவே முதலில் பேச வேண்டியது மனிதவளப் பிரிவில் இருப்பவரிடம்.

தகுதி இருப்பவர்கள் இரண்டு விஷயத்தை முன்கூட்டியே முடித்து வைக்கலாம். வெளிநாட்டில் பிறந்த 12 வயதும் அதற்குக் குறைந்தவருமான பிள்ளைகளுக்குத் தொண்டை அடைப்பான், தட்டம்மைத் தடுப்பூசிகள் போட்டதற்கான சான்றைச் சரிபார்த்த பிறகே பாஸ் விண்ணப்பம் நகரும். கிளினிக் அட்டையில் தேதியும் முத்திரையும் தெளிவாக இல்லாவிட்டால் அங்கேயே நிற்கும். அடுத்தது திருமணப் பதிவுச் சான்றிதழ். கோயிலில் தாலி கட்டிய படம் ஆவணம் ஆகாது.

தகுதி இல்லையென்றால், அவர் அங்கே தனியாக மாட்டிக்கொண்டாலும் வீடு ஓட வேண்டும் என்ற கணக்கில் ஏற்பாடு செய்யுங்கள். எச்டிபி (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் அறை வாடகைக்கு எடுத்தால் குறைந்தது ஆறு மாத ஒப்பந்தம். வீட்டுக்காரர் எச்டிபியிடம் அனுமதியும் வாங்கியிருக்க வேண்டும். நெருக்கடி நேரத்தில் "வா, பார்த்துக்கொள்ளலாம்" என்று தந்த இடங்களில் இது விட்டுப்போனால், வெளியேற வேண்டியவர் குடியிருப்பவர்தான். உறவினரோ உடன் வேலை செய்பவரோ ஒருவரிடம் இப்போதே பேசி வைப்பது மேல். தினசரி மாத்திரை சாப்பிடுபவர் என்றால் ஒரு மாதத்துக்கான மாத்திரையும் மருந்துச் சீட்டின் நகலும் அவர் வேலையிடத்து லாக்கரில் இருக்கட்டும். மருந்தின் பொதுப்பெயரை எழுதிவையுங்கள். கடைப்பெயர் இரு நாட்டிலும் ஒன்றாக இருப்பதில்லை.

வீட்டுப் பணம் அவர் பெயரில் மட்டும் உள்ள கணக்கில் இருந்தால், கார்டு அவர் சட்டைப்பையில் சிங்கப்பூரில் இருக்கும். நீங்கள் இங்கே மின்கட்டணத்துக்குத் தவிப்பீர்கள். உங்கள் பெயரிலும் ஒரு கணக்கு, வீட்டுக்கடன் தவணை அதிலிருந்து போகும்படி ஓர் உத்தரவு, இரண்டும் வேண்டும். 2023 நவம்பரிலிருந்து சிங்கப்பூரின் பேநவ், மலேசியாவின் டியூட்நவ் என்ற பணம் அனுப்பும் முறைகளை இணைத்துவிட்டதால், கைபேசி எண்ணை வைத்தே வெள்ளியை ரிங்கிட்டாக அனுப்ப முடிகிறது. 2020இல் அந்த வசதி இல்லை. அவருடைய பாஸ்போர்ட்டையும் பாருங்கள். மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு ஆயுள் ஐந்து ஆண்டு. ஓராண்டுக்குக் குறைவாக இருக்கும்போதே புதுப்பித்துவிட்டால், ஜெர்வோய்ஸ் ரோட்டில் உள்ள தூதரகத்தில் அவசரக் கூட்டத்தோடு வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

அப்பா திரும்பி வந்தபோது மகனுக்கு இரண்டரை வயது. அவரைக் கண்டு அழுதான், பாட்டியிடம் ஓடினான். இப்போது பள்ளிக்குப் போகிறான், சரியாகிவிட்டான். ஆனால் கணவர் மறுபடி ஓராண்டுக்கு வெளியூர் போகிறார். இப்போது மகளுக்கு ஒன்றரை வயது. அதே நிலை வராமல் என்ன செய்யலாம்?
*வாசகி, ஸ்கூடாய்*

முழுதாகத் தவிர்க்க முடியாது, குறைக்கலாம். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு திரையில் தெரியும் முகமும் வீட்டில் தூக்கி வைத்துக்கொள்ளும் ஆளும் ஒருவர்தான் என்பது தானாகப் பிடிபடாது. பழக்கத்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும்.

அழைப்பு நீளமாக இருப்பதைவிட நேரம் மாறாமல் இருப்பது முக்கியம். இந்த வயதில் ஐந்து நிமிடம் போதும். காலைக் கஞ்சி ஊட்டும்போது, தினமும் அதே நேரத்தில், போனை மேசைமேல் நிறுத்தி வையுங்கள். "அப்பாகிட்ட பேசு, அப்பா சொல்லு" என்று குழந்தையை வேலை வாங்காதீர்கள். அவர் அங்கே சாப்பிட்டுக்கொண்டு குழந்தையைப் பார்த்துப் பேசினால் போதும். ஒரே படப்புத்தகம் இரண்டு வாங்கி, ஒன்று அவரிடம், ஒன்று உங்களிடம். அவர் அங்கே பக்கம் திருப்பும்போது நீங்கள் இங்கே திருப்புங்கள். குழந்தை தூங்கும் நேரத்தில் அழைத்தால் அழும், அவர் மனம் நோவார், பிறகு இருவருமே அழைப்பைத் தள்ளிப்போடத் தொடங்குவார்கள். பல வீடுகளில் தொடர்பு அறுந்தது இப்படித்தான். சண்டை எதுவும் காரணமில்லை.

பாட்டி வைத்திருக்கும் பேச்சிலும் கவனம் வேண்டும். சாப்பிடாவிட்டால் அப்பாவிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினால், குழந்தை அப்பாவைப் பற்றித் தெரிந்துகொள்ளும் முதல் செய்தியே அதுவாகிவிடும்.

திரும்பி வரும் வாரத்துக்கான யோசனைகளைக் கணவருக்குச் சொல்லுங்கள். வாசலில் வந்ததும் தூக்கக் கூடாது. தரையில் உட்கார்ந்து, பக்கத்தில் பொம்மையை வைத்துக்கொண்டு, குழந்தை தானாக வரட்டும் என்று விட வேண்டும். முதல் சில நாள் நீங்களோ பாட்டியோ அதே அறையில் இருங்கள். குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது போன்ற வேலைகளைக் கடைசியில் மாற்றுங்கள். முதலில் விளையாட்டு, பிறகு சோறு ஊட்டுவது, அதற்குப் பிறகுதான் தூக்கம். இரவில் அழுது விழித்துக்கொண்டால் அந்த நேரத்தில் "அப்பாவிடம் போ" என்று பழக்க முயல வேண்டாம். பெரும்பாலான குழந்தைகள் சில வாரங்களில் ஒட்டிக்கொள்கின்றன. பேச்சு நின்றுபோவது, கண்ணைப் பார்க்காமல் இருப்பது போன்றவை தொடர்ந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்; அது அப்பா இல்லாததால் வந்தது என்று வீட்டிலேயே முடிவு கட்ட வேண்டாம்.

நான் மலேசியக் குடிமகள். கணவர் இந்தியக் குடிமகன், சிங்கப்பூரில் வேலை. எல்லை மூடியிருந்ததால் 2020 ஆகஸ்டில் மகளைச் சிங்கப்பூரிலேயே பெற்றேன். தாய் வழியில் குடியுரிமை வராது, ஊருக்கு வந்து பெற்றிருக்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
*வாசகி, மூவார்*

சொந்தக்காரர்கள் சொல்வது வேறு நாடுகளுக்குப் பொருந்தியது. சிங்கப்பூருக்கு அரசியலமைப்பில் தனி வரி இருக்கிறது. பலருக்கும் அது தெரிவதில்லை.

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை, இரண்டாம் பாகம், முதல் பிரிவை எடுத்துப் பாருங்கள். நாட்டுக்கு வெளியே பிறந்த பிள்ளைகளைப் பற்றிப் பேசும் (பி), (சி) உட்பிரிவுகளில், 2020இல் இருந்த வாசகம் "தந்தை குடிமகனாக இருந்தால்" என்பதே. அதனால்தான் ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் இருந்த மலேசியத் தாய்மார்கள் பிரசவத்துக்கு ஊர் வர முடியாமல் தவித்தார்கள். 2020 டிசம்பரில் வழக்கும் தொடரப்பட்டது. 2021 செப்டம்பர் 9இல் உயர்நீதிமன்றம் தாய்மாருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2022 ஆகஸ்ட் 5இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதை மாற்றியது. கடைசியில் நாடாளுமன்றமே 2024 அக்டோபர் 17இல் மக்களவையில் தாய் வழியையும் ஏற்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. அந்தத் திருத்தம் பின்தேதியிட்டுப் பொருந்தாது. ஆகவே 2020 பிறப்பு அதில் அடங்காது.

உங்களுக்கு வேண்டியது (டி) உட்பிரிவு. சிங்கப்பூரில் பிறந்து, பெற்றோரில் குறைந்தது ஒருவர் பிறப்பின்போது குடிமகனாகவோ குடிமகளாகவோ இருந்து, மற்ற உட்பிரிவுகளின்படி குடியுரிமை பெறாதவர் சட்டப்படியே குடிமகனாவார் என்று அது சொல்கிறது. தந்தை என்ற நிபந்தனை இல்லை. பிறந்த ஓராண்டுக்குள் பதிய வேண்டும் என்று (சி)யில் உள்ள கெடுவும் இதில் இல்லை.

சட்டம் இருக்கிறது என்பதால் கோப்பு தானாக நகராது. தூதரகத்திலோ தேசியப் பதிவிலாகாவிலோ விண்ணப்பிக்கும்போது முகப்புக் கடிதத்தில் இந்த உட்பிரிவை எழுதுங்கள். "வெளிநாட்டில் பிறந்த பிள்ளை" என்று மட்டும் எழுதினால் பொதுவான வழியில், தந்தையின் குடியுரிமையைப் பார்த்துத் தள்ளிவிடும் வாய்ப்பு அதிகம். சிங்கப்பூர் பிறப்புச் சான்றிதழ், உங்கள் மைகார்டு (அடையாள அட்டை), உங்கள் பிறப்புச் சான்றிதழ், இருவர் பாஸ்போர்ட், திருமணப் பதிவுச் சான்றிதழ் ஆகியவற்றின் மூலமும் நகலும் வேண்டும். உங்கள் பெயர் மைகார்டில் ஒரு மாதிரியும் சிங்கப்பூர்ச் சான்றிதழில் இன்னொரு மாதிரியும் இருந்தால் (தந்தை பெயருக்கு முன் வரும் "அ/பெ" ஒன்றில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது) இருவரும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணம் எடுத்து இணைத்துவிடுங்கள். வாய்மொழியாக மறுத்தால் ஏற்றுக்கொள்ளாமல் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் இல்லாத மறுப்பை வைத்து வழக்கறிஞரால் ஒன்றும் செய்ய முடியாது.

மகளுக்கு இந்தியப் பாஸ்போர்ட் ஏற்கெனவே எடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதியும்போது, பிள்ளையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் உறுதிமொழி தர வேண்டும். இரு நாடுகளுமே இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. எடுத்திருந்தால் விண்ணப்பத்தில் அதை மறைக்காமல், முதலில் குடியுரிமைச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள்.

இப்போது கர்ப்பமாக இருக்கும் வாசகிகளுக்கு ஒரு குறிப்பு: சிங்கப்பூரில் பிறப்பதால் மட்டும் அந்நாட்டுக் குடியுரிமை வராது. குடிமகனல்லாத குழந்தைக்கு, பிறந்த 42 நாட்களுக்குள் பிறப்பைப் பதிந்து, அங்கே தங்குவதற்கான பாஸும் எடுத்தாக வேண்டும், இல்லையேல் குழந்தையை நாட்டுக்கு வெளியே அழைத்துப் போக வேண்டும். எல்லை மூடிய நேரத்தில் பச்சைக் குழந்தையோடு இந்தக் கெடு எவ்வளவு நெருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு மலேசியக் குடியுரிமை, மனைவி தமிழ்நாடு. 2020 தொடக்கத்தில் ஜொகூரில் கோயிலில் திருமணம். ஆணை வந்ததால் பதிவு செய்யவில்லை. 2021இல் மகன் இங்கேயே பிறந்தான், அதற்குப் பிறகு பதிந்தோம். மகனுக்குக் குடியுரிமை இல்லை என்கிறார்கள். எப்படி?
*வாசகர், குளுவாங்*

வருத்தமான பதில்தான். 1982 மார்ச் 1 முதல், முஸ்லிம் அல்லாதோரின் திருமணம் பதிவு செய்தால்தான் சட்டப்படி திருமணம். சடங்கு மட்டும் போதாது. பிறப்பின்போது பெற்றோர் சட்டப்படி மணமாகாதவர்கள் என்றால், அரசியலமைப்பின் அதே இரண்டாம் அட்டவணையின் மூன்றாம் பாகம், 17ஆம் பிரிவின்படி "தந்தை", "பெற்றோரில் ஒருவர்" என்று சொன்ன இடமெல்லாம் "தாய்" என்று படிக்கப்படும். பிள்ளை தாயின் குடியுரிமையைப் பார்க்க வேண்டியதாகிறது.

பிறகு பதிந்ததால் சரியாகாதா என்ற கேள்வி கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. பிலிப்பைன்ஸில் பிறந்த ஒரு பிள்ளையின் வழக்கில் 2021 மே 28இல் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், பெற்றோர் பின்னர் மணந்தது குடியுரிமையைத் தராது என்று தீர்ப்பானது. மூன்று நீதிபதிகள் மாறுபட்டார்கள் என்பதையும் கவனியுங்கள்.

உங்களுக்கு உள்ள வழி, மகனைக் குடிமகனாகப் பதியும்படி அரசிடம் விண்ணப்பிப்பது. முடிவு அரசின் விருப்புரிமை, ஆண்டுக்கணக்கில் ஆகலாம். காத்திருக்கும் காலத்தில் மகனின் இந்தியப் பாஸ்போர்ட்டையும் தங்கும் பாஸையும் காலாவதியாக விடாதீர்கள். பள்ளிச் சேர்க்கைக்கு அது முதல் தேவை.

திருமணம் நிச்சயமாகியுள்ள மற்றவர்கள் பதிவை முகூர்த்தத்துக்கு முன்பே முடியுங்கள். விண்ணப்பித்தபின் 21 நாள் அறிவிப்புக் காலம் உண்டு. வெளிநாட்டுத் துணைக்கு மணமாகாதவர் என்ற சான்று அவர் நாட்டிலிருந்து வர வேண்டும். தாமதம் எப்போதும் அங்கேதான். மலேசியர் சிங்கப்பூரில் மணந்தால், ஆறு மாதத்துக்குள் மலேசியத் தூதரகத்திலும் பதிய வேண்டும்.

மூன்றறை வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். ஒருவருக்குத் தொற்று வந்தால் எப்படிப் பிரித்து வைப்பது? குளியலறை ஒன்றுதான்.
*வாசகி, ஈசூன்*

ஜன்னல் உள்ள அறையை நோயாளிக்குக் கொடுங்கள். கதவு மூடியிருக்க, ஜன்னல் திறந்திருக்க, மின்விசிறியை ஜன்னலை நோக்கி வையுங்கள். காற்று கூடத்துக்கு வராமல் வெளியே போகும். பலர் செய்தது நேர்மாறு: கதவிடுக்கில் துணியை அடைத்து, ஏர்கானைப் போட்டு, ஜன்னலையும் மூடிவிட்டார்கள். கிருமி அறைக்குள்ளேயே சேர்ந்து, சாப்பாடு கொடுக்கப் போனவருக்கு வந்தது.

குளியலறையை நோயாளி கடைசியில் பயன்படுத்தட்டும். போகும்போது முகக்கவசம், உள்ளே ஜன்னல் திறப்பு, கழிவறை மூடியை மூடிவிட்டுத் தண்ணீர் விடுவது, அதன்பின் அரை மணி நேரம் யாரும் போகாமல் இருப்பது. தொடும் இடங்களைத் துடைக்க 5 சதவீதப் பிளீச் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி. புட்டியில் சதவீதத்தைப் படித்துவிட்டுக் கலக்குங்கள். அன்றன்று கலக்க வேண்டும், நேற்றையது வலுவிழந்திருக்கும். கழிவறை கழுவும் அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும், ஆகவே இரண்டையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வேண்டாம். துடைப்பதைவிடக் காற்றோட்டம் அதிகம் காக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். 2020இல் காய்கறிகளைக்கூடக் கழுவிக் களைத்தோம், ஜன்னலை மறந்தோம்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியில் மருதாணியோ நகப்பூச்சோ உள்ள விரலை வைக்காதீர்கள். கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிடம் உட்கார்ந்தபின் பாருங்கள். கறுத்த தோலில் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். 95க்குக் கீழே தொடர்ந்து இருந்தால் மருத்துவரை அழையுங்கள். மூச்சிரைப்பு இருந்தால் எண் எதுவானாலும் காத்திருக்க வேண்டாம்.

அப்பா 2020 ஏப்ரலில் சிகாமட்டில் இறந்தார். சிங்கப்பூரில் இருந்த அண்ணனால் கொள்ளி வைக்க வர முடியவில்லை. இன்றும் அதை நினைத்து மருகுகிறார். இப்படி வரும்போது என்ன செய்யலாம்?
*வாசகர், சிகாமட்*

மூத்த மகன் இல்லாதபோது இளையவரோ பேரனோ பங்காளிகளில் ஒருவரோ கொள்ளி வைப்பது நம்மிடையே உள்ள வழக்கம்தான். அன்று ஊரில் இருந்தவர் செய்ததில் குறை எதுவுமில்லை. காடாற்று முடிந்து அஸ்தியைப் புது மண்கலத்தில் வைத்து, மகன் வரும்வரை காத்திருக்கலாம். வீட்டில் வைக்க மனம் ஒப்பாவிட்டால் மயானத்திலோ கோயிலிலோ கேட்டுப் பாருங்கள். பதினாறாம் நாள் காரியத்தை அண்ணன் இருக்கும் இடத்திலும் ஓர் ஐயரை வைத்துச் செய்யலாம். காணொளியில் காட்டுவதானால் ஒருவர் கையில் மட்டும் போன் இருக்கட்டும், பேட்டரி முழுதாக, வைஃபையை நம்பாமல் டேட்டாவில். மணிக்கணக்கில் காட்ட வேண்டாம். வாய்க்கரிசி, கொள்ளி ஆகிய இரண்டு கட்டங்களுக்கு அழைத்தால் போதும்.

2021 மே மாதம் வந்த அவசரப் பயண ஏற்பாட்டில் கேட்கப்பட்டவை மரணச் சான்றிதழ் அல்லது மருத்துவர் கடிதம், உறவை நிறுவும் சான்று, பரிசோதனை முடிவு. உறவுச் சான்றில்தான் பலருக்கு நேரம் போனது. அண்ணனின் பிறப்புச் சான்றிதழ் ஊரில் இரும்புப் பெட்டியில் இருந்தால், அவர் எல்லையில் காட்ட எதுவும் இருக்காது. வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பிறப்புச் சான்றிதழையும் படமெடுத்து எல்லார் போனிலும் வையுங்கள்.

அஸ்தியைப் பாலம் கடந்து கொண்டுபோவதானால் மரணச் சான்றிதழும் தகனச் சான்றிதழும் கூடவே இருக்கட்டும், கலயம் மூடி ஒட்டியிருக்கட்டும். சிங்கப்பூரில் கடலில் கரைக்க செமக்காவ் தீவுக்குத் தெற்கே ஏறத்தாழ 2.8 கிலோமீட்டரில் ஒதுக்கப்பட்ட இடம் உண்டு, படகு ஏற்பாடு செய்ய வேண்டும்.

பிள்ளைகள் தினமும் ஜேபியிலிருந்து (ஜொகூர் பாரு) சிங்கப்பூர்ப் பள்ளிக்குப் போகிறார்கள். அப்போது இப்படிப் போனவர்கள் என்ன செய்தார்கள்?
*வாசகர், மாசாய்*

சிங்கப்பூரில் உறவினரோ பாதுகாவலரோ இருந்தவர்கள் பிள்ளைகளை அங்கே விட்டார்கள். மற்றவர்கள் ஜொகூரிலிருந்தே இணையத்தில் படித்தார்கள். 2020 ஏப்ரல் 8 முதல் மே 4 வரை பள்ளிகள் முழுதும் வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறின, ஜூன் விடுமுறை மே 5க்கு முன்தள்ளப்பட்டது. ஆகவே அந்த இரண்டு மாதம் தூரம் பெரிதாகத் தெரியவில்லை. ஜூனில் வகுப்பறை திறந்தபோதுதான் சிக்கல். உங்கள் பிள்ளைகளுக்கு அங்கே தங்க ஒரு வீடு, அந்த வீட்டாரின் ஒப்புதல், பள்ளியில் அவர்கள் பெயர் பதிவு ஆகிய மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது இல்லாமல் காய்ச்சல் வந்த பிள்ளையைப் பள்ளி யாரிடம் ஒப்படைக்கும்?

மோட்டார் சைக்கிளை மாதக்கணக்கில் நிறுத்த வேண்டி வந்தால்?
*வாசகர், கங்கார் பூலாய்*

பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் சில வாரங்களில் வடிந்துவிடும். பெட்ரோல் தொட்டியை நிரப்பி வையுங்கள். பாதி காலியாக இருந்தால் உள்ளே ஈரம் கோத்துத் துருப்பிடிக்கும். கார்ப்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் குழாயை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு அதிலுள்ளதைத் தீர்த்துவிடுங்கள். சங்கிலிக்கு எண்ணெய், டயரில் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதல் காற்று, நடு ஸ்டாண்டில் நிறுத்தம். திரும்ப எடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினை அல்ல, சாலை வரியையும் காப்புறுதியையும். அவை காலாவதியாகியிருந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டோ லாரியில் ஏற்றியோதான் போக வேண்டும். பிரேக்கை இரண்டு மூன்று முறை அழுத்திப் பார்த்துவிட்டு, பட்டறைவரை மெதுவாக ஓட்டுங்கள்.